அத்தையா, பெரியம்மாவா: வடசென்னைப் பிள்ளைகளிடம் எதைக் கேட்பது?

தண்டையார்பேட்டையில் ஒரு லைன் வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குடித்தனம், ஒரே குழாயடி. அதில் ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் இருக்கிறான். அவனைப் பெற்ற தகப்பன் இன்று புடவை கட்டும் திருநங்கை. கதவு சாத்தியிருக்கும்போது அவன் ‘அப்பா’ என்பான், குழாயடிக்கு வந்துவிட்டால் ‘அத்தை’ என்பான். இதை யாரும் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் மார்க்கெட்டில் வாய் தவறி ‘அப்பா’ என்று கத்தியபோது திரும்பிப் பார்த்த முகங்கள் சொல்லிக்கொடுத்தன.

இந்த வீடு நான் கட்டியது. இனி வரப்போகும் வீடுகளும் அப்படித்தான். நிஜ வீடு ஒன்றைக்கூட ஏன் காட்டவில்லை என்பது போகப்போகத் தெரியும். இப்போதைக்கு விஷயம் இதுதான்: அந்தப் பையனிடம் ஒரு ஆய்வாளர் போய் உட்கார்ந்தால் எதைக் கேட்க வேண்டும்? தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் வளர்க்கும் பிள்ளைகளைப் பற்றி வெளிநாடுகளில் நாற்பது வருடத்துக்கும் மேலாக ஆய்வு நடக்கிறது. அந்தக் கேள்வித்தாள்களில் ஒன்றைத் தமிழில் பெயர்த்து வியாசர்பாடிக்கும் காசிமேட்டுக்கும் எடுத்துப்போனால், பாதிக் கேள்விகளுக்குப் பதில் வராது என்பது என் எண்ணம். காரணம் பிள்ளைகளின் கூச்சம் இல்லை. அந்தக் கேள்விகள் வேறு யாரோ, வேறு எதற்காகவோ கேட்டவை.

நீதிபதி கேட்ட கேள்வி

இந்த ஆய்வுத்துறை வளர்ந்த இடம் குடும்ப நீதிமன்றம். 1970களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், கணவனைப் பிரிந்து இன்னொரு பெண்ணோடு வாழத் தொடங்கிய தாய்மார்கள், பிள்ளை யார் பொறுப்பில் இருப்பது என்ற வழக்குகளில் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கேலிக்கு ஆளாகும், மனம் கெடும், பையன் ஆம்பளையாக வளரமாட்டான் என்பதெல்லாம் எதிர்த்தரப்பு வாதம். சரியா தவறா என்று சொல்லத் தக்க ஆய்வு அன்றைக்கு அநேகமாக இல்லை.

சூசன் கோலம்போக்கும் அவருடைய சகாக்களும் 1983இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒருபக்கம் பெண்ணை நேசிக்கும் தாய்மார்களின் வீடுகள் 27. மறுபக்கம் கணவன் இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களின் வீடுகள் 27. இரண்டு பக்கமும் வீட்டில் தகப்பன் கிடையாது. ஆக, வித்தியாசம் ஏதும் தென்பட்டால் அது தாயின் காதலால் வந்ததா, தகப்பன் இல்லாததால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கலாம். பிள்ளைகளின் மனநலத்திலோ, ஆண் பெண் என்ற தன்னுணர்விலோ கவலைப்படும்படி ஒன்றும் தென்படவில்லை. அந்தப் பிள்ளைகளில் 46 பேரைச் சுமார் 23 வயதில் மறுபடி தேடிப் பிடித்துப் பேசினார்கள். அப்போதும் கதை பெரிதாக மாறவில்லை.

அமெரிக்காவில் நானெட் கார்ட்ரெல் 1986இல் இன்னும் நீளமான ஒரு வேலையைத் தொடங்கினார். விந்து தானம் பெற்றுக் கருத்தரித்த தாய்மார்களின் குடும்பங்களைக் கர்ப்பகாலத்திலிருந்தே பின்தொடர்ந்தார். 2018இல் வெளிவந்த கட்டத்தில் 25 வயது ஆகிவிட்ட 77 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். அதே வயதுள்ள மற்ற அமெரிக்கர்களைவிட இவர்கள் மனநலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை பாஸ்டன், வாஷிங்டன், சான் பிரான்சிஸ்கோ பக்கத்து வெள்ளையர் குடும்பங்கள். படித்த, வசதியுள்ள, திட்டமிட்டுப் பிள்ளை பெற்ற வீடுகள். இதை அந்த ஆய்வாளர்கள் மறைக்கவும் இல்லை.

2001இல் ஜூடித் ஸ்டேசியும் திமோதி பிப்லார்ஸும் கொஞ்சம் தைரியமான ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை வந்த 21 ஆய்வுகளை மறுபடி படித்துவிட்டு, ‘வித்தியாசமே இல்லை’ என்று சொல்லும் அவசரத்தில் நம் ஆட்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசங்களை விழுங்கிவிடுகிறார்கள் என்று எழுதினார்கள். உதாரணத்துக்கு, ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்ற வரையறைகளில் அந்தப் பிள்ளைகள் கொஞ்சம் தளர்வாக இருந்தார்கள். அது குறை இல்லை. ஆனால் வழக்கறிஞர் கையில் அது குறையாக மாறிவிடும் என்று ஆய்வாளர்களுக்குப் பயம். பயந்துகொண்டே செய்கிற ஆய்வில் என்னென்ன விட்டுப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது 2012இல் மார்க் ரெக்னரஸின் ஆய்வு. 18 முதல் 39 வயது வரை 2,988 பேரைக் கேட்ட பெரிய கணக்கெடுப்பு. தன்பாலீர்ப்புப் பெற்றோரின் பிள்ளைகள் பல விஷயங்களில் பின்தங்கியிருக்கிறார்கள் என்றது. உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. தாயோ தகப்பனோ என்றைக்காவது ஒருமுறை தன் பாலினத்தவரோடு காதல் உறவில் இருந்திருந்தால் போதும், அந்தப் பிள்ளை இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். இவர்களில் பெரும்பாலோர் அப்படியொரு ஜோடியிடம் நீண்டகாலம் வளர்ந்தவர்கள் இல்லை. பல பேர் உடைந்துபோன கல்யாணங்களின் பிள்ளைகள். ஒப்பிட எடுத்துக்கொண்டதோ, கடைசிவரை உடையாமல் சேர்ந்திருந்த தாய் தகப்பன் வீடுகளை. கோலம்போக் 27க்கு 27 என்று கவனமாகக் கட்டிய தராசை இவர் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டார். 2014இல் மிச்சிகனில் திருமண வழக்கை விசாரித்த நீதிபதி பெர்னார்ட் ஃப்ரீட்மன், இவருடைய சாட்சியம் நம்பத்தக்கதே இல்லை என்று எழுதினார்.

அதே 2014இல் ஆஸ்திரேலியாவில் சைமன் கிரவுச் குழு 315 பெற்றோரிடம் 500 பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது. பிள்ளைகள் உடல்நலத்திலும் குடும்ப ஒட்டுதலிலும் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் வெளியுலக ஏளனம் எங்கே அதிகமோ அங்கே நல மதிப்பீடு இறங்கியது. பதில் சொன்னது பெற்றோர், அதுவும் தாமாக முன்வந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். 2020இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு அந்தப் பிரச்சினையைத் தாண்டியது. அரசுப் பதிவேடுகளையே எடுத்துக்கொண்டு, ஒரே பாலினப் பெற்றோரிடம் பிறந்ததிலிருந்து வளர்ந்த பிள்ளைகள் பள்ளித் தேர்வுகளில் சற்று முன்னால் நிற்கிறார்கள் என்று காட்டியது. அங்கே 2001 முதல் இவர்களுக்குத் திருமணச் சட்டம் உண்டு. பதிவேட்டில் இரண்டு அம்மாக்கள் இரண்டு அம்மாக்களாகவே இருக்கிறார்கள்.

எல்லாம் உருப்படியான வேலை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது நீதிபதியின் கேள்வி: ‘பிள்ளைக்குக் கெடுதலா, இல்லையா?’ பிள்ளை அங்கே சாட்சிக் கூண்டில் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்தபின் சொன்னதும் இதைத்தான். ஒரு பாடத்தில் தோற்றால்கூட அம்மாவின் கேஸ் தோற்றுவிடுமோ என்று, நன்றாக இருந்து காட்ட வேண்டிய சுமை.

முறை வைத்துக் கூப்பிடும் ஊர்

இங்கே ஆய்வு இன்னும் அந்தக் கேள்விக்குள் அடைபடவில்லை. அதனால் நாம் அதற்குப் பதில் சொல்லித் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் ஊரில் முதல் சிக்கல், யார் ‘பெற்றோர்’ என்பதே.

வடசென்னையில் இப்படிப்பட்ட பிள்ளைகளில் அதிகம் பேர் எந்த வீட்டில் இருப்பார்கள் என்று என்னைக் கேட்டால், ஆண்களை நேசிக்கும், கோத்தி என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஆண்களின் வீடுகளில்தான் என்பேன். வீட்டில் பெண் பார்த்தார்கள், கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். ஆண்களோடு உள்ள உறவு வேறு தெருவில், வேறு பேரில். ஹெச்.ஐ.வி. தடுப்புக்காகச் சென்னையில் இந்த ஆண்களிடையே நடந்த ஆய்வுகளில் பெண்ணை மணந்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். அந்த ஆய்வுகளுக்கு மனைவி முக்கியம், தொற்று அவருக்குப் போகுமே என்ற கணக்கில். பிள்ளைகள் ‘எத்தனை’ என்ற கட்டத்தோடு சரி. குறை சொல்ல முடியாது, அவற்றின் வேலை அதுவல்ல.

அடுத்தது, கல்யாணத்துக்குப் பிறகு திருநங்கையாக வெளியே வந்தவர்கள். பிள்ளையோடு தொடர்பு அறுந்தவர்கள் உண்டு. மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பவர்களும் உண்டு. பிறகு, கூடப் பிறந்தவளின் பிள்ளையை எடுத்து வளர்க்கும் திருநங்கைகள். கடை கடையாகக் கை நீட்டி வந்த காசில் பள்ளிக் கட்டணம் கட்டுவார்கள், ஆனால் எந்தக் காகிதத்திலும் அவர்கள் பேர் இராது. இதில் வெளியாளைக் குழப்பும் ஒன்று உண்டு. ஜமாத் என்று சொல்லப்படும் திருநங்கைகளின் சமூகக் குழுவுக்குள் மூத்த திருநங்கை இளையவரை ‘மக’ என்று ஏற்றுக்கொள்கிறார், இளையவர் ‘அம்மா’ என்கிறார், அம்மாவின் அம்மா ‘நானி’. உறவு உண்மையானது, பாசமும் கடமையும் சண்டையும் எல்லாம் உள்ளது. ஆனால் ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்டுவிட்டு ‘நாலு’ என்று குறித்துக்கொண்டு போகும் ஆய்வாளர், முப்பது வயது மகள்களைப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணிவிடுவார்.

கடைசியாக, கண்ணுக்கே படாத வீடு. புருஷனை இழந்த அல்லது விட்டுவிட்ட ஒருத்தி, அவளோடு ‘ஃபிரெண்டு’. இருவரும் மீன் ஏலத்துக்கோ கம்பெனி வேலைக்கோ சேர்ந்து போகிறார்கள், ஒரே அடுப்பு. தெரு அவர்களை அக்கா தங்கச்சி என்று எடுத்துக்கொள்கிறது. தனிப் பெண்ணுக்கு வீடு தர யோசிக்கும் வீட்டுக்காரர் அக்கா தங்கச்சிக்கு யோசிப்பதில்லை.

தமிழில் ஒரு பிள்ளை பெரியவர் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறது என்பது வெறும் கூப்பாடு இல்லை. அம்மாவோடு வாழ்பவளைச் ‘சித்தி’ என்றால் அவள் பிள்ளைகள் அண்ணன் தங்கை. ‘அத்தை’ என்றால் அவள் மகன் முறைப்பையன். ஒரே அறையில் படுத்து வளரும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே எந்த முறை என்பதை அந்த ஒரு சொல் முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, இரண்டு பெண்கள் சேர்ந்து வாழும் வீட்டில் ‘சித்தி’ அல்லது ‘பெரியம்மா’ என்று வருமே தவிர, ‘அத்தை’ வருவது அரிது என்று ஊகிக்கிறேன். முதலில் சொன்ன பையன் தகப்பனை ‘அத்தை’ என்பதிலும் முறை தப்பவில்லை. அப்பா வழிச் சொந்தம், பெண். பத்து வயதில் உறவுமுறை இலக்கணத்தை அவன் நம்மைவிட நன்றாகக் கையாள்கிறான். ‘பெற்றோர் 1, பெற்றோர் 2’ என்ற படிவத்தில் இந்தத் திறமைக்குக் கட்டம் கிடையாது.

இதில் கோபமும் இருக்கிறது, அதைத் துடைத்துவிட்டு எழுதுவது மோசடி. கோத்தி ஒருவரின் மகள் அம்மா பக்கம் நிற்பாள். ‘எங்கம்மா வாழ்க்கை போச்சு’ என்பாள். அவளுடைய கோபத்தை அப்படியே தன்பாலீர்ப்பின் மீதான வெறுப்பு என்று வகைப்படுத்திவிட முடியாது. பாதி அது அரிசிக்குக் காசு வராத கோபம், மீதி பொய் சொன்ன கோபம். அந்தப் பொய்யை அவள் தகப்பன் வாயில் திணித்தது யார் என்பது அடுத்த கேள்வி.

காகிதத்தில் ஒருவர்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014இல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு திருநர்களின் பாலின அடையாளத்தை ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள்தான் என்றது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் ஒரே பாலினத் திருமணம் மறுக்கப்பட்டது. அதோடு, கல்யாணம் ஆகாத ஜோடி சேர்ந்து தத்தெடுக்கலாமா என்பதிலும் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் ‘முடியாது’ என்று முடிந்தது. தனியாள் தத்தெடுக்கலாம். ஆனால் தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க விதி இடம் தராது. 2021ஆம் ஆண்டு வாடகைத்தாய்ச் சட்டமும் இவர்களுக்கு அடைத்த கதவு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றே வழி இல்லை என்று ஒரு பெண் ஜோடியின் வழக்கில் எழுதியது. அடுத்த மாதமே கேரள உயர் நீதிமன்றம், திருநர் தம்பதியின் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் ‘அப்பா’, ‘அம்மா’ என்று போடாமல் ‘பெற்றோர்’ என்றே போடச் சொன்னது.

ஆய்வுக்கு இதனால் என்ன? நெதர்லாந்து போலப் பதிவேட்டை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது. ரேஷன் கார்டிலும் பள்ளிச் சேர்க்கையிலும் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களில் ஒருத்திதான் அம்மா, மற்றவள் இல்லவே இல்லை. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 22,364 பேரை ‘மற்றவை’ என்ற பாலினத்தில் எண்ணியது. அவர்கள் வீட்டில் யார் பிள்ளை, யார் பெற்றோர் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது.

தெரிஞ்சும் தெரியாத மாதிரி

ஆகவே ஆட்களைப் பிடித்துத்தான் தேட வேண்டும். வழக்கமான வழி, டி.ஐ. ப்ராஜெக்ட் என்று சொல்லப்படும் ஹெச்.ஐ.வி. திட்டங்களின் களப்பணியாளர்கள். அவர்களுக்குத் தெருத்தெருவாக ஆட்களைத் தெரியும். ஆனால் அந்தத் திட்டங்களின் பட்டியலில் கோத்திகளும் திருநங்கைகளும் இருப்பார்களே தவிர, சேர்ந்து வாழும் இரண்டு பெண்களோ, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளோ இருக்கமாட்டார்கள். பிள்ளையோடு சுமுகமாக இருப்பவர்தான் ‘வாங்க, பேசலாம்’ என்பார். சண்டையாகிப் போன வீடு வராது.

ஒப்பீட்டிலும் கவனம் வேண்டும். எண்ணூரில் ஒரு பிள்ளை அடிக்கடி பள்ளிக்குப் போவதில்லை, இளைப்பு வருகிறது என்றால் அதற்கும் தகப்பன் யாரை நேசிக்கிறார் என்பதற்கும் சம்பந்தம் தேடுவதற்கு முன்னால் அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மட்டும் அந்தப் பக்கம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு, மாத இறுதியில் அம்மோனியா கசிவு. கொருக்குப்பேட்டைப் பிள்ளையை அண்ணா நகர் பிள்ளையோடு ஒப்பிட்டால் நமக்கும் ரெக்னரஸ் கதைதான். அதே சந்து, அதே பள்ளி, அதே குழாயடியில் நிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் ஒப்பீட்டுக்குச் சரி. நீண்டகாலம் பின்தொடர்வது இன்னும் கடினம். கால்வாய்க் கரையிலிருந்து ஒரு குடும்பத்தை எடுத்துப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்திவிட்டால் அடுத்த சந்திப்புக்கு முகவரியே இராது.

இதையெல்லாம்விடச் சிக்கல், ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் அதன் இசைவையும் தனியாகப் பெற வேண்டும். நல்ல விதிதான். ஆனால் தகப்பன் கோத்தி என்பது பிள்ளைக்குத் தெரியாத வீட்டில், எந்த ஆய்வுக்கு இசைவு கேட்கிறோம் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தக் காகிதமே காட்டிக்கொடுத்துவிடும். சொல்லாவிட்டால் ஏமாற்று. படிவம் மனைவி கையில் கிடைத்தால் அன்றைக்கே வீட்டில் வெடிக்கும். இதற்குச் சாமர்த்தியமான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே நேர்மையான வழி, 18 வயது தாண்டியவர்களிடமிருந்து தொடங்குவது. அதிலும், தாமாகவே வீட்டு விஷயம் தெரிந்து, தாமாகவே பேச வருபவர்கள். சின்னப் பிள்ளைகள் காத்திருக்கட்டும், ஆய்வுக்கு அவசரமில்லை.

அப்படி வந்து உட்காரும் ஒருவரிடம், வெளிநாட்டுக் கேள்வித்தாளில் வரக்கூடிய ஒரு கேள்வியை நான் அடித்துவிடுவேன்: ‘உன் பெற்றோர் இதை உன்னிடம் எந்த வயதில் சொன்னார்கள்?’ இங்கே யாரும் சொல்வதில்லை. தெரிகிறது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியும், ஆயாவுக்கு எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். வாய் விட்டுச் சொன்னால்தான் வீடு உடையும். அந்தச் சொல்லாமல் இருப்பதை ‘மறைத்தல்’ என்று ஒரு கட்டத்தில் போட்டுவிட்டால் அதில் உள்ள உழைப்பு காணாமல் போகும். ஒன்பது வயதில் ஒரு பிள்ளை, யார் வந்தால் எந்த போட்டோவைத் திருப்பி வைக்க வேண்டும், கபடி மைதானத்தில் எந்தப் பையன் ‘ஒம்போது’ என்று சொன்னால் அடிக்க வேண்டும், யார் சொன்னால் சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அதே தெரு அந்த அத்தையிடம் ஆசி வாங்க நிற்பதையும் பார்க்கிறது. கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ஸ்கூல் மீட்டிங்குக்கு யார் வருவார்கள், யாரை வரவேண்டாம் என்று நீ சொன்னாய், சொன்ன அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன சமைத்தார்கள்? உனக்கோ உன் அக்காவுக்கோ மாப்பிள்ளை பார்க்க வந்தபோது யார் வெளியே போயிருந்தார்கள்?

இதை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியாது. லைன் வீட்டில் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் காது. ஹவுசிங் போர்டு மாடிப்படியில் புதுமுகம் ஏறினாலே ‘யாரு, எந்த ஆபீஸ்?’ என்று கேட்பார்கள். பீச்சோ, மெட்ரோ ஸ்டேஷனோ, வேலை முடிந்து வரும் வழியோ, இடத்தை அவர்களே சொல்லட்டும். கேட்பவரும் வெள்ளைச் சட்டையில் ஃபைலோடு வந்தால் கவுன்சிலர் ஆள் என்றோ போலீஸ் என்றோ நினைத்துவிடுவார்கள்.

எழுதும்போது வருவது கடைசிச் சிக்கல். வெளிநாட்டு ஆய்வில் பெயரை மாற்றினால் பெரும்பாலும் போதும். இங்கே ‘காசிமேட்டில் திருநங்கை ஒருவர் வளர்த்த, நர்ஸிங் படிக்கும் பெண்’ என்று எழுதினால், பெயர் எதற்கு? துறைமுகத்தில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். பகுதியை எடுத்துவிட வேண்டும், படிப்பை மாற்ற வேண்டும், மூன்று வீட்டுச் செய்தியை ஒரு வீடாகக் கட்ட வேண்டும். ஒலிப்பதிவை எழுத்தாக்கியதும் அழித்துவிட வேண்டும், அதையும் அவர் கண் முன்னாலேயே. அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம் இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் பெரியம்மாவை எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவள் இன்னும் முடிவு செய்திருக்கமாட்டாள்.